பாடு தீர்ந்தது

உங்கள் மகள் அனுப்பிய பழுப்பு உறை இன்று காலை வந்தது. "உங்கள் பெயர் எழுதி அப்பாவின் மேசையில் இருந்தது" என்று ஒரு துண்டுச்சீட்டு. அதனுடன் ஒரே ஒரு தாள்.

நீங்கள் போய் ஒரு மாதமாகிறது. சாவுக்கு நான் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

வடசென்னைக்கென்று வாரம் ஒருமுறை வந்த அந்தச் சின்னப் பத்திரிகையில் நீங்கள் துணையாசிரியர். நான் தமிழ் எம்.ஏ. படித்த பழவேற்காட்டு நிருபர். டச்சுக்காரர் கல்லறையைப் பற்றி எழுதினால் அரைப் பக்கம் கொடுப்பீர்கள். உயிரோடிருக்கும் எங்களைப் பற்றி என்றால் நாலு வரி. "இன்னா எம்.ஏ., இவ்ளோ நீட்டிக்கினு போற? ராயபுரத்துல டீ குடிக்கிறவனுக்குப் புரிய வேணாமா?" என்று எல்லோர் முன்பும் கேட்பீர்கள். அவர்கள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

அப்புறம் அந்தச் செய்தி. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்ற முறைக்கு எங்கள் பக்கத்தில் பாடு என்று பெயர். என் மனைவியின் தம்பி இருந்த குப்பத்துக்கு உரிய பாடு தங்களுடையது என்று பக்கத்துக் குப்பத்தார் மறித்தார்கள். விசாரிக்க அதிகாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. மச்சான் வீட்டு அடுப்பு அந்த ஒரு நாளை நம்பியிருந்தது.

வியாழனன்று பத்திரிகை வந்தது. 'பழவேற்காட்டில் மீனவர் பாடு தீர்ந்தது.' எங்களுக்கு இனி வலைமுறை இல்லை என்பது செய்தி. பட்டணத்துக் கண்ணுக்கு, மீனவர் கஷ்டம் தீர்ந்தது. அதிகாரி தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை; வெள்ளிக்கிழமை வரவும் இல்லை. மச்சான் போன் போட்டுக் கேட்டதற்கு, "அதான் தீந்துபோச்சுனு பேப்பர்லயே போட்டுட்டாங்களே" என்றாராம். சனிக்கிழமை ஏரியில் படகோடு படகு மோதி, மச்சானின் வலது கை முறிந்தது. அதன்பின் அவன் வலை இழுக்கவில்லை. எளாவூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் காவலுக்குப் போகிறான்.

தலைப்பு உங்கள் வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன். பத்திரிகையை விட்டேன். பாரிமுனையில் ஒருமுறை எதிரே வந்து, "இன்னாப்பா, நல்லாகீறியா?" என்றீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

இன்று பிரித்த தாளில் அந்தத் தலைப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் உங்கள் சிவப்பு மை: "தீர்ந்ததா, போனதா? கேட்டேன். மாற்றக் கூடாதாம்."

அச்சுக்குப் போகுமுன் நீங்கள் போட்ட போன் இப்போது நினைவுக்கு வருகிறது. "இதுல ஒரே ஒரு வார்த்தைப்பா" என்று தொடங்கினீர்கள். "என் தமிழ்ல இனிமே கை வைக்காதீங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்த வார்த்தை என்று கேட்கவில்லை.

இத்தனை வருடம் வைத்திருந்தும் இதை என் முகத்தில் வீசவில்லையே, அது என்ன பெருந்தன்மையா? எனக்கு அது வேண்டாம். பாரிமுனையிலேயே, நாலு பேர் முன்னால், சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சாயங்காலம் மச்சான் வந்தான். வழக்கம்போல இடது கையால் டீயை வாங்கிக்கொண்டு, "உங்க பேப்பர்காரன் பூட்டானாமே மாமா, என் கைய ஒடச்சவன்" என்றான். தாளை நீட்டினேன். இரண்டு முறை படித்தான்.

"இது உங்க எழுத்தாச்சே."

"ஆமா."

பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இத்தினி வருசமா அந்தாளத் திட்டினு இருந்தனே. இனிமே யாரத் திட்றது மாமா?" என்றான்.

தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. திட்டுவதற்கு அவனுக்கு நான் இருக்கிறேன். எனக்கு நீங்களும் இல்லை.