வற்றியது என்று நான் எழுதிய கிணறு

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு இதைப் பிரியுங்கள். பசியோடு படிக்க வேண்டாம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்குத் தையல்கடையில் பொத்தான் மட்டுமல்ல, சட்டைக்குக் கை தைக்கவும் கொடுக்கிறார்கள். கொடுத்தார்கள் என்று எழுத வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் வீட்டுக்கு வீடு ஒரு படிவம் வந்தது. கோடையில் உங்கள் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டிருந்தது. தெருவிலேயே என் கையெழுத்துதான் அழகாம். பதினோரு வீட்டுப் படிவமும் என் மடியில் வந்து விழுந்தது. "தண்ணி இருக்குன்னு எழுதினா வீட்டுக்கு வீடு தண்ணிக் குழாய் எப்படிப் போடுவான்? வத்திப்போச்சுன்னு போடு கண்ணு. கயிறு இழுத்து இழுத்து என் கை தேஞ்சதுதான் மிச்சம்" என்றார் தையல்கடை அக்கா. எல்லாரும் அதையே சொன்னார்கள். பதினோரு இடத்திலும் ‘வற்றியது’ என்று எழுதினேன். நம் வீட்டுக்கும்.

படிவத்தின் தலைப்பில் சுரங்கத் திட்டம் என்றுதான் இருந்தது. குழாய் என்ற சொல்லே அதில் இல்லை. நான் அதைப் படித்தேன் அண்ணா. பெரியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட ஹாலுக்கு ஆய்வுக் குழு வந்தது. நான் எட்டாவதோடு நின்ற அதே பள்ளிக்கூடம். மண்ணைப் பற்றிப் படித்த ஒரு அம்மா அந்தக் குழுவில் இருந்தார். துளை போட்டு எடுத்த கல்லையும் மண்ணையும் நீளப் பெட்டியில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். கரிக்கு மேலே மணல் அடுக்கு இருக்கிறதாம். அதில் தண்ணீர் இருந்தால் இங்கே தோண்டக் கூடாது என்று எழுதலாமாம். "ஆனா பதினோரு வீட்டுலயும் வத்திப்போச்சுன்னு குடுத்திருக்கீங்க. எனக்கு ஆச்சரியமா இருக்கு" என்றார்.

நான்தான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். நம் கிணற்றுத் தண்ணீர். அந்த அம்மா முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கே, எங்கே எடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹாலில் மைக் போட வந்திருந்த நம் மைக்செட் மாமாதான் முந்திக்கொண்டு, "கேன் தண்ணி மேடம்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் அம்மா மண் சுமந்து தோண்டிய கிணறு, அந்த ஒரு டம்ளருக்குக் கூடப் பெயர் இல்லாமல் போனது.

எழுத்தில் மறுப்புத் தர இருபது நாள் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் தையல் அக்காவிடம் உண்மையை எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். நான் அவரிடம் இத்தனை வார்த்தை பேசியதே முதல் தடவை. பொய்த் தகவல் தந்தால் தண்டனை என்று படிவத்தின் அடியில் அச்சடித்திருக்கிறது. அதைச் சொல்லி, "பதினோரு வீட்டையும் ஜெயிலுக்கு அனுப்பப் போறியாடி?" என்று கேட்டார். நாளையிலிருந்து கடைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் செங்கல் கட்டி நம் கிணற்றில் இறக்கினேன். அப்பா வந்து நின்றார். திட்டுவார் என்று பயந்தேன். கயிற்றை வாங்கி அவரே இழுத்து, காய்ந்த முடிச்சுகளை எண்ணினார். இந்த வெயிலிலும் பத்தொன்பது அடியில் தண்ணீர். பிறகு, "அவனுக்கு எழுது. அங்க சுரங்கத்துக் குழித் தண்ணியை இறைக்கிறவன் அவன். அது எந்தக் கிணத்துத் தண்ணின்னு அவனுக்குத் தெரியும்" என்றார். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க நீங்கள் வராமல் போனதிலிருந்து நான்கு வருடமாக அவர் உங்களைப் பற்றிப் பேசியதில்லை.

உங்கள் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகள் ஒவ்வொன்றாகக் காலியானதை நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள். அதை நீங்களே வந்து ஆய்வுக் குழு அம்மாவிடம் சொல்ல வேண்டும். மறுப்பை எழுதிவிட்டேன். பதினோரு படிவத்தையும் எழுதியவள் நான்தான், தண்டனை என்றால் எனக்கே தாருங்கள் என்று கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் குழுவிடம் நேரில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கேள்வி கேட்பார்கள். எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். ஒருவேளை எனக்கும் வரும்.

அப்பா வெளியே சொல்லவில்லை. ஆனால் உங்கள் கட்டிலை இறக்கி வெயிலில் போட்டிருக்கிறார்.

பஸ்ஸில் வரும்போது தாகம் எடுத்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. வீட்டுக்கு வந்து குடியுங்கள். இன்னும் இருக்கிறது.

நீங்கள் வைத்த பெயரிலேயே,
உங்கள் ஊமைக்கோட்டான்