கறுப்படித்த விமானங்கள்

சாலைக் கடைத்தெருவில் என் சைக்கிளுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருந்தேன். இன்று காலை வாங்கப் போனபோது கடைக்காரர் கடைசி வேலையில் இருந்தார். பீங்கான் சாசரில் தண்ணீர் ஊற்றி, கம்பெனி முத்திரை அச்சிட்ட ஒரு சிறு காகிதத்தை அதில் மிதக்க விட்டிருந்தார். ஊறியதும் காகிதத்தை விட்டுப் படம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அதைச் சைக்கிளின் முன்தண்டில் இறக்கி, ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஒற்றினார். பசையும் வார்னிஷும் கலந்த அந்த ஈர வாசனை வந்ததும் நான் கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"நன்னாயிட்டில்லே சாமி?" என்றார் கடைக்காரர்.

நன்றாகத்தான் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். நண்பரே, நீர் போய் ஆறு வருடமாகிறது. இத்தனை நாளாக உம்மிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

உமக்கு அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். நீர் கல்லூரியில் பௌதிகச் சோதனைச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர். நான் மராமத்து ஆபீஸில் வரைபடக்காரன். உங்கள் கட்டடத்துக்கு அளவெடுக்க வந்த இடத்தில் பழக்கமானோம். உங்கள் வெள்ளைக்காரப் பேராசிரியர் யுத்தத்துக்குப் போகும்போது தம்முடைய பொழுதுபோக்குச் சாமான்களை எல்லாம் ஒரு தகரப்பெட்டியில் போட்டு உம்மிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாளே நீர் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றீர்.

"ஓய், ஒரு சாதனம் காட்டுதேன், வாரும். கணக்குத் தெரிஞ்ச ஆளு இல்லாம இதத் தொடப்பிடாது."

தம்பானூரில், ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் உம்முடைய மாடி அறை. பெட்டியைத் திறந்தீர். விமானங்களின் அளவுப்படங்கள் கொண்ட இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு விமானத்தையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் முன்னிருந்தும் வரைந்திருந்தார்கள். ஆறடிக்கு ஓரங்குலம் என்று கணக்கு. மெல்லிய காகிதங்களுக்கு நடுவே, இன்று சைக்கிள் கடையில் பார்த்தது போன்ற டிரான்ஸ்பர் படத் தாள்கள் இருந்தன. அவற்றில் சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்களும், வாலில் ஒட்டும் பட்டைகளும், எள்ளளவு எழுத்துகளும் இருந்தன. ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் ஈயத்தில் வார்த்த சக்கரங்களும் பித்தளை விசிறிகளும் குண்டூசி பருமனில் துப்பாக்கிகளும் கிடந்தன. நீர் ஒரு சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து ஊதினீர். அது உருண்டது. இரண்டு பெரிய மனிதர்கள் குழந்தைகளைப் போலச் சிரித்தோம்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை பிற்பகலும் உம் அறைதான். பாலமரத் துண்டுகளை நீர் சாலைக் கடைத்தெருவில் தேடிப்பிடித்து வருவீர். நான் படத்திலிருந்து அளவெடுத்து, அட்டையில் வெட்டி, மரத்தில் கோடு போட்டுச் செதுக்குவேன். நீர் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் பேயத்தி இலையால் தேய்த்துத் தேய்த்து மரத்தைக் கண்ணாடி போல ஆக்குவீர். விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூட்டுக்குப் பழைய போட்டோ பிலிமை வெந்நீரில் கழுவி எடுத்தீர். வானொலிக் கம்பிக்கு என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, உம் தலைமுடி ஒன்றையே பிடுங்கி ஒட்டினீர். கொல்லம் வண்டி வரும்போது கட்டடம் ஆடும். இருவரும் ஆளுக்கு இரண்டு விமானங்களைக் கையில் தூக்கிக்கொண்டு, அது போகும்வரை மூச்சுவிடாமல் நிற்போம்.

உம் அறையில் நான் தண்ணீர் குடித்தது மூன்றாவது மாதத்தில். அதுவரை எனக்கென்று ஓர் இளநீரை ஜன்னலோரம் வைத்திருப்பீர். கரமனை அக்ரகாரத்துப் பிராமணன் கிறிஸ்தவரான உம் கூஜாவில் குடிப்பானா என்று நீர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை நல்ல வெயில். நானே கூஜாவைச் சாய்த்துக் குடித்தேன். நீர் தலையைத் தூக்காமல், "பாத்து ஓய், சிறகுல சிந்தப்பிடாது" என்றீர். அவ்வளவுதான். அன்றைக்கு நீர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

டிரான்ஸ்பர் ஒட்டுவது மட்டும் என் வேலை. உம் விரல்கள் தடித்தவை, அமிலம் பட்டுக் காய்த்தவை. நான் வட்டத்தை நீரில் ஊறவைத்து, மயிற்பீலியின் காம்பால் நகர்த்திச் சிறகில் இறக்குவேன். கரைக்காவல் விமானம் ஒன்றுக்கு மட்டும் மூன்று மாதம் பிடித்தது. அதன் உடம்பில் பதினோரு எழுத்துகள். கடைசி எழுத்தை இறக்கியபோது நீர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "இது பறந்திரும் போலிருக்கே" என்றீர். அந்த ஒரு பேச்சைப் பல நாள் நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கொழும்பில் குண்டு விழுந்த சேதி வந்ததும் நம் ஊர் மாறிவிட்டது. விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினார்கள். வலியதுறைக் கடல்பாலத்தருகே ஓர் ஓலைக் கொட்டகை போட்டு, டெலிபோன் வைத்து, மீன்பிடிக்கிறவர்களையே காவலுக்கு அமர்த்தினார்கள். எதிரி விமானம் தெரிந்தால் அவர்கள் போன் செய்ய வேண்டும். உடனே நகரத்தில் அபாயச் சங்கு ஊதும். நம் விமானங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட, அந்தக் காவலுக்குப் பொறுப்பான அதிகாரி உம்மைத் தேடி வந்தார். நம்முடையவையும் எதிரியுடையவையுமாக நாம் செய்திருந்த எட்டு விமானங்களும், காவல்காரர்கள் பார்த்துப் பழக வலியதுறைக்குப் போயின. ஞாயிறு காலையில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேரே கொட்டகைக்கு வந்து நீர் பாடம் நடத்துவீர். நான் பெட்டியைச் சுமந்து வருவேன்.

"மூணு நிறத்து வட்டம்னா நம்மது. தனிச் சிவப்பு வட்டம்னா எதிரிக்குள்ளது. கேட்டீங்களா?"

காவல்காரர்களில் மூத்தவர் பத்ரோஸ். ஐம்பது வயதிருக்கும், உப்பில் வெளுத்த புருவம். விமானங்களைத் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, வெயில் சாய்ந்த நேரத்தில், கடல் பக்கமிருந்து ஒரு விமானம் வந்தது. பத்ரோஸ் அதன் சிறகில் சிவப்பைப் பார்த்தார். போன் செய்தார். சங்கு ஊதியது. அப்போது நான் சாலைக் கடைத்தெருவில்தான் இருந்தேன். அந்த நெரிசலை என் ஆயுசில் மறக்கமாட்டேன். கடைப்பலகைகள் சரிந்தன, மாடுகள் மிரண்டு ஓடின. ஒரு கீரைக்காரி சாக்கடை ஓடைக்குள் விழுந்தாள், அவள் மேல் பலர் விழுந்தார்கள். அவள் தொடை எலும்பு முறிந்தது. விமானம் நம்முடையதுதான். தூரத்தில் நீலமும் வெள்ளையும் வானத்தோடு கரைந்துபோக, நடுவிலிருந்த சிவப்பு மட்டும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அதிகாரி கொட்டகையில் வைத்துப் பத்ரோஸைக் கண்டபடி ஏசினார். வேலையை விட்டுப் போ என்றார். நீர் குறுக்கே வந்து நின்றீர்.

"சார், தப்பு அவருக்க மேல இல்ல. நாங்க சொல்லிக்குடுத்தததான் அவரு பாத்தாரு. தப்பு எங்க பொம்மைக்க மேல."

எனக்குச் சுருக்கென்றது. நம் விமானங்களைப் 'பொம்மை' என்று நீர் சொன்னது அதுதான் முதல்முறை.

அதிகாரி போன பிறகு பத்ரோஸின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தீர். "தூரத்துல பறக்கது பருந்தா காக்காயான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டீர்.

அவர் உம்மை வினோதமாகப் பார்த்தார். "சிறகு பிடிக்குந்ந பிடி கண்டால் மதி சாரே. நிறம் எங்ஙனெ காணும்? தூரத்தில் எல்லாம் கறுப்பல்லே?"

"சிறகுக்க பிடி பாத்தாப் போதும்" என்று நீர் உமக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டு மணலில் விரலால் ஒரு சிறகை வரைந்தீர். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை உம் அறைக்கு வந்தபோது மேஜையில் ஒரு சிரட்டை நிறைய விளக்குக்கரியும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து வைத்திருந்தீர். ஜன்னலில் மூன்று விமானங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மூக்கிலிருந்து வால்வரை ஒரே கறுப்பு. நாலாவது உம் கையில் இருந்தது. அது அந்தக் கரைக்காவல் விமானம். பதினோரு எழுத்துகளில் ஏழு ஏற்கெனவே மறைந்துவிட்டன.

"என்ன ஓய் பண்றீர்?"

"கறுப்படிக்கேன். நிறத்த நம்பித்தானே அவரு தப்பாச் சொன்னாரு. இனி உருவம் மட்டும் போதும்."

"மூணு மாசம் ஓய்! மூணு மாசம் உட்கார்ந்து ஒட்டினேன். என்னை ஒரு வார்த்தை கேட்கப்படாதா?"

"கேட்டா நீரு விடமாட்டீரு."

"எப்படி விடுவேன்?"

நீர் பிரஷ்ஷைக் கீழே வைத்தீர். "அந்தக் கீரைக்கார அம்மைக்க கால் எலும்ப யாரு ஒட்டுவா ஓய்? உம்ம டிரான்ஸ்பரா?"

பதில் இல்லாதவன் சொல்வதைத்தான் நான் சொன்னேன். "உமக்கு அளவும் தெரியாது, அழகும் தெரியாது. கரி பூசத்தான் தெரியும்." சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நீர் மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

பிறகு நீர் இரண்டு கார்டு எழுதினீர். முதல் கார்டில் ஞாயிறு வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தீர். இரண்டாவதில், கீரைக்காரி கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டாள், புதன்தோறும் ஆஸ்பத்திரியில் பார்த்து ரொட்டி கொடுத்து வருகிறேன் என்று எழுதியிருந்தீர். நான் எதற்கும் பதில் போடவில்லை. தம்பானூர் வழியாகப் போக வேண்டிய வேலை இருந்தால் சுற்றிக்கொண்டு போனேன். இன்னும் ஒரு மாதம் போகட்டும், நீரே வருவீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக வந்த கார்டு உம் தமையனார் எழுதியது. டைபாய்டு, மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோனோம், பதினெட்டாம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தான் என்று இருந்தது. அடக்கம் முடிந்து நாலு நாளாகியிருந்தது. கார்டை வாங்கிப் பார்த்த அம்மா, "அந்தப் பெரிய கையோட ஒரு பிள்ளை வாசல்ல வந்து உன்னைக் கேட்டானே, அவனா?" என்றாள். நீர் எங்கள் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறீர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "நீ குளிக்கப் போயிருந்தே. உள்ளே வான்னு சொல்ல எனக்கு வாய் வரலைடா. நின்னு பார்த்துட்டுப் போயிட்டான்" என்று சொல்லி அம்மா அழுதாள். நான் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

இனி எழுதப்போவதுதான் உமக்குத் தெரியாதது.

இரண்டு வாரம் கழித்து அதிகாரி ஆளனுப்பினார். வகுப்பு நின்றுபோயிற்று, நீராவது நடத்தும், இல்லாவிட்டால் சாமான்களை எடுத்துக்கொண்டு போம் என்றார். எடுத்து வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

கொட்டகையில் நாம் விமானங்களைப் பரப்பி வைக்கும் மேஜையே இல்லை. எட்டு விமானங்களும் ஓலைக் கூரையின் முன்விளிம்பிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கின. கீழே பாய் விரித்து, காவல்காரர்கள் மல்லாந்து படுத்துக் கிடந்தார்கள். வானத்துக்கு எதிரே அந்தக் கறுப்பு உருவங்கள் கடற்காற்றில் திரும்பித் திரும்பி மூக்கையும் வயிற்றையும் வாலையும் காட்டின. ஒருவர் கோலால் தட்டுவார், மற்றவர்கள் சொல்வார்கள். "நம்முடேது." "அவருடேது." "நம்முடேது." மூன்று மாதம் உழைத்த கரைக்காவல் விமானம் எது என்று நானும் தேடினேன். சிறகு உடம்போடு சேரும் இடத்தின் வளைவைக் கண்டதும் தெரிந்துவிட்டது. அந்த வளைவுக்கு நான் ஐந்துமுறை அட்டை வெட்டியிருக்கிறேன். கறுப்பில் அது எப்போதையும்விடத் தெளிவாக இருந்தது.

பத்ரோஸ் எழுந்து வந்தார். அவருக்கு என்னைப் பெட்டி சுமந்து வருபவனாகத்தான் தெரியும்; கரமனைக்காரன், அளவெடுத்துச் செதுக்கியவன் நான்தான் என்று சொன்னேன்.

"கரமனைச் சாமியோ?" என்று கும்பிட்டார். "சார் எப்போழும் பறயும். 'நான் சாயம் தேய்ச்சது மாத்திரம், அளவு எல்லாம் கரமனைச் சாமியுடேது, ஒரு நூல் பிசகாது, தைரியமாய் நம்பிக்கோ' என்னு."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெயில் சாயும் நேரம். தெற்கேயிருந்து சத்தம் வந்தது. ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது. சிறகில் சிவப்பாக ஏதோ மினுங்கியது. ஒரு காவல்காரர் பாய்ந்துபோய் டெலிபோனை எடுத்துவிட்டார். பத்ரோஸ் கையை மட்டும் உயர்த்தினார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, நாம் மூச்சை இரண்டுமுறை விடும் நேரம் பார்த்தார்.

"வேண்டா. நம்முடேது. வை."

போன் கீழே இறங்கியது. விமானம் பாலத்துக்கு மேலாகப் போயிற்று. நம்முடையதுதான்.

நான் எதையும் எடுக்காமல் நடந்தே சாலைக் கடைத்தெருவுக்கு வந்தேன். கடைகளில் கூட்டம் நெரிந்தது. ஒருவர் வெல்லத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் வளையல் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் அது வேறு எந்தச் சாயங்காலத்தையும் போன்ற ஒரு சாயங்காலம். அப்படி ஒன்றும் நடக்காமல் இருக்கச் செய்தது நீர்தான் என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டுமே தெரியும். யாரையாவது பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டியவர் நீர் ஒருவர்தான்.

யுத்தம் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பை நான் நடத்தினேன். கடைசி நாளில் விமானங்களைக் காவல்காரர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டேன். வீடுகளில் தொங்குவதாகப் பத்ரோஸ் சொன்னார்.

இப்போதும் தபால் விமானம் கரமனைக்கு மேலாகப் போகும் சத்தம் கேட்டால், ஆபீஸ் வேலையானாலும் சாப்பாடானாலும் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். சிறகைப் பார்க்கிறேன், வாலைப் பார்க்கிறேன். வாய் தானாகவே "நம்முடேது" என்கிறது. என் மனைவி சிரிக்கிறாள். யாரிடம் சொல்கிறீர்கள் என்று கேட்கிறாள். உம்மிடம்தான் என்று இதுவரை அவளிடம் சொன்னதில்லை.