காதுக்குப் பின்னால் ஓர் எலும்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் வீட்டில் அதே பாட்டு. டிவி சத்தத்தை நான் கூட்ட, இவர் குறைக்க, நான் மறுபடி கூட்ட. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். போகிற போக்கில், "பக்கத்து வீட்டுக்கும் சேத்தாம்மா செய்தி போடுறீங்க?" என்று ஒரு கேள்வி. வயது பதினாறு, வாய் நாற்பது.

எனக்குக் காது கேட்கவில்லையாம். பஸ் பணிமனையில் இருபது வருடமாக இஞ்சின் பிரிவில் இருக்கிறேன். பத்து வண்டி ஒரே நேரத்தில் உறுமினாலும் யார் என்ன சொன்னாலும் எனக்குப் புரிகிறது. இந்த வீட்டில்தான் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் கோளாறு யாரிடம்?

மார்ச் 9, ஞாயிறு

"நீ பேசுறதே எனக்குக் கேக்க மாட்டேங்குது. ரகசியம் சொல்ற மாதிரி பேசுற" என்கிறார் இவர்.

காது கேட்காதவர்கள் கத்தித்தானே பேசுவார்கள்? நான் மெதுவாகப் பேசுகிறேன். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கேட்டேன். ஏதோ பதில் சொன்னார். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார், அதனால் அது கணக்கில் வராது.

மார்ச் 12, புதன்

மீசை இன்று இன்னொரு இஞ்சினை என் தலையில் கட்டினார். மீசை என்றால் எங்கள் ஃபோர்மேன். "ஏம்மா, உள்ள என்னமோ தட்டுதாம். நீயே பாத்துடு, எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு." இரண்டு வருடமாக அவருக்கு ஆபீஸில் வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக் கேட்டேன். மூன்றாவது சிலிண்டர், வால்வு. பிரித்துப் பார்த்தார்கள். அதேதான்.

தேய்ந்த வால்வை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தேன். "காது கேக்காதவ கண்டுபிடிச்சது" என்றேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் ஒழுகுதும்மா" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

இன்றைக்கு எழுத முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 21, வெள்ளி

நேற்று மதிய இடைவேளை. எல்லா வண்டியும் நின்றிருந்தது. ஒரு பஸ்ஸின் பின்பக்கம் குனிந்து ஃபேன் பெல்ட்டுக்குள் கை விட்டிருந்தேன். எலெக்ட்ரீஷியன் முன்னால் டிரைவர் சீட்டில் இருந்தான். கையை எடுத்துக்கொள்ளச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டானாம். நான் மறுப்புச் சொல்லாததால் எடுத்துவிட்டேன் என்று நினைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டான். வண்டி கழுவுகிற அம்மா பார்த்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். சட்டைக் கை முழங்கைவரை கிழிந்துபோயிற்று. விரல் பத்தும் இருக்கிறது. இரண்டு தரம் எண்ணினேன்.

"கூப்பிட்டேன்க்கா, சத்தியமா கூப்பிட்டேன்" என்று அவன் அழுதான். அவன் முணுமுணுக்கிற ஆள் இல்லை. சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. சத்தமே இல்லாத இடத்தில் எனக்குக் கேக்கல. அப்போ வீட்ல இத்தனை நாளா — ச்சே. எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்.

மார்ச் 24, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். மே ஒன்றாம் தேதியிலிருந்து நான் ஸ்டோருக்குப் போக வேண்டுமாம். நட்டையும் போல்ட்டையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க. "உங்க நல்லதுக்குத்தாம்மா."

"டாக்டரைப் பாத்துட்டு வந்து சொல்றேன் சார். அதுக்குள்ள முடிவு பண்ணாதீங்க."

"போன காது திரும்பி வருமாம்மா?"

யாருக்குப் போனது, எங்கே போனது, யார் பார்த்தார்கள்? கேட்கவில்லை. மீசை பக்கத்திலேயே நின்றார். எத்தனை இஞ்சினை எனக்குத் தள்ளிவிட்டிருப்பார், ஒரு வார்த்தை சொன்னாரா? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதுதான் ஆறவில்லை.

நான் ஸ்டோருக்குப் போக மாட்டேன். எழுதி வைக்கிறேன்: போக மாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

எங்கள் தெரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லையாம். "வயசாகுது, இஞ்சின் சத்தம் வேற. பழகிக்குங்க."

நாற்பத்துமூன்று வயதில் பழகிக்கொள்ள வேண்டுமாம். சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் கேட்டேன். அவசியம் இல்லை என்றார். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிறப்பு மருத்துவரிடம் இவரும் கூட வந்தார். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, கண்ணாடி ஜன்னல். காதில் ஹெட்ஃபோன், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும்.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பயமாக இருந்தது. ஸ்டோர் அலமாரிகள் கண் முன்னால் வந்தன. சும்மா சும்மா அமுக்கினேன். சோதிக்கிற பெண் கதவைத் திறந்து, "நான் சத்தமே குடுக்கலையே, எதுக்கு அமுக்குறீங்க?" என்றாள். மானம் போயிற்று.

அப்புறம் ஹெட்ஃபோனை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னக் கட்டையை வைத்து அழுத்தினாள். உடனே கேட்டது. ஒவ்வொன்றாக, தெளிவாக. "இது எங்க ஸ்க்ரூடிரைவர்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது, சிரித்தார்.

உள்காது எனக்கு நன்றாகவே இருக்கிறதாம். நடுக்காதில் இருக்கிற மூன்று குட்டி எலும்புகளில் கடைசி எலும்பு இறுகிப்போய் அசையவில்லை. அதனால் காற்று வழியாக வருகிற சத்தம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. மண்டை எலும்பு வழியாக வருவது நேரே உள்ளே போய்விடுகிறது. என் குரலும் அப்படித்தான் எனக்குப் பெரிதாகக் கேட்கிறது, அதனால்தான் மெதுவாகப் பேசுகிறேன். வண்டிகள் ஓடும்போது எல்லோரும் கத்துகிறார்கள், அதனால்தான் அங்கே புரிகிறது. ஆக, தினமும் ஸ்க்ரூடிரைவரை வைத்து எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை மெக்கானிக்கைத் தவிர வேறு யார் செய்ய முடியும்?

வழி இரண்டு: காது மெஷின், இல்லாவிட்டால் ஆபரேஷன். ஆபரேஷனில் கொஞ்சம் ஆபத்தும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். முதலில் மெஷின் என்றேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா? இது வழிவழியா வரலாம்."

அம்மா. நாலு பேர் கூடின இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று பேர். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், முகத்துக்கு நேரே. யாரும் அவளை டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. நானும் போகல. இனிமே யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்க?

ஏப்ரல் 9, புதன்

மகளுக்கும் சோதிக்கத் தேதி வாங்கிவிட்டேன். "எனக்கெல்லாம் நல்லா கேக்குதும்மா" என்கிறாள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மெஷின் வந்துவிட்டது. முடியை இறக்கிவிட்டு மறைத்துக்கொள்ளலாம், தோல் நிறத்திலேயே தருகிறோம் என்றார்கள். சிவப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன்.

துணி உரசுவது கேட்கிறது. குழாய் சொட்டுவது கேட்கிறது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது, பழக ஒரு மாதம் ஆகுமாம். இவர் மூச்சு விடும்போது மூக்கில் விசில் அடிக்கிறது. இத்தனை வருடக் குடித்தனத்தில் இன்றைக்குத்தான் தெரிந்தது. சொன்னதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ரிப்போர்ட்டை மேனேஜர் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, "இருந்தாலும் ரிஸ்க்தானேம்மா" என்றார்.

"ரிஸ்க்தான் சார். அதனால ரெண்டு விஷயம். இஞ்சினுக்குள்ள யாரு கை வைக்கிறாங்களோ அவங்க பையிலதான் வண்டிச் சாவி இருக்கணும். அப்புறம் யாரு காதையும் நம்ப வேண்டியதில்ல. ரெண்டாவது, இஞ்சின் பிரிவுல பதினோரு பேருக்கும் இதே சோதனை வைங்க. மெஷினோட எனக்குக் கேக்குறதவிடக் கம்மியாக் கேக்குற எல்லாரையும் ஸ்டோருக்கு அனுப்புங்க. நானும் பின்னாடியே வர்றேன்."

மேனேஜர் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மீசையின் முகம் வெளுத்துவிட்டது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மே 6, செவ்வாய்

சோதனை நடந்தது. பத்துப் பேர் உட்கார்ந்தோம். என்னைத் தவிர ஆறு பேருக்குக் குறை, அதில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டோரில் அத்தனை நாற்காலி கிடையாது. என் மாற்றலை நிறுத்திவிட்டார், சாவி விஷயத்துக்கும் சரி என்றார்.

மீசை வரவில்லை. வயிற்றுவலியாம்.

மே 8, வியாழன்

டூல்ஸ் அலமாரி பக்கத்தில் மீசை தனியாக நின்றார். என் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சின்மேல் வைத்து, காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டார்.

"இதுல கூட எனக்குச் சரியாக் கேக்கலம்மா. ரெண்டு வருஷமா."

ஆபீஸ் வேலை.

எனக்கு வந்த கோபத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "என்னை ஸ்டோருக்கு அனுப்புறேன்னு சொன்னப்ப தரையைப் பாத்துட்டு நின்னீங்களே. நான் கேட்டுச் சொன்னதை வச்சுத்தானே ஓட்டிட்டிருந்தீங்க?"

"வாயைத் திறந்தா என் கதையும் வெளிய வந்துடும்னு பயந்துட்டேன். தப்புதான்."

தப்புதான் என்றால் ஆயிற்றா? அவருக்கு உள்காதிலேயே கோளாறாக இருக்கும். எனக்கு இருந்த மாதிரிச் சுற்றுவழி அவருக்குக் கிடையாது. சாயங்காலம் டாக்டர் நம்பரைத் தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

மே 19, திங்கள்

டாக்டர் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தனியாக வரப் பயமாம் மீசைக்கு. "சும்மா கூட வாம்மா, போதும்" என்றார். வழி நெடுக, மெஷின் வைத்தால் மீசை எடுபடுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கறுப்பு வாங்கிக்கொள்கிறாராம். சிவப்பு என் நிறம், நான் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிறார். ஹெட்ஃபோன், கையில் பொத்தான். சோதிக்கிற பெண் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, மீசை அமுக்கிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி முன்னால் கையை ஆட்டினேன். திரும்பினார். பொத்தானைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தேன். கையை எடுத்துவிட்டார்.

பையில் கைக்குட்டையைத் தேடினால் சாவி தட்டுப்படுகிறது. காலையில் கை வைத்த வண்டியுடையது, கொடுக்க மறந்து கூடவே எடுத்துவந்துவிட்டேன். நான் திரும்பிப் போகிறவரை அந்த இஞ்சினை யாரும் ஸ்டார்ட் பண்ண முடியாது. மேனேஜர் குதித்துக்கொண்டிருப்பார்.

குதிக்கட்டும்.