நாற்பது உறைகளும் ஓர் ஊசி முனையும்

அப்பா,

உங்கள் கத்தி உறையைப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வேன் டிரைவர் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். உள்ளே உங்கள் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு துண்டு, அடியில் இந்த உறை. கத்தி கம்பெனிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டார்களாம். உறையை யாரும் கேட்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். தோல் வாசமே இல்லை, வெடி மருந்து வாசம்தான். இரண்டு வருடம் உங்கள் இடுப்பில் கிடந்து அந்த வளைவுக்கு வளைந்திருக்கிறது. நான் வெட்டித் தைத்தபோது நேராகத்தான் இருந்தது.

நீங்கள் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். உங்களிடம் பேசும்போதுகூட நான் பாதியில் நிறுத்திவிடுவேன், மீதியை நீங்களாகவே புரிந்துகொள்வீர்கள். இப்போது அதற்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்து எல்லாம் தெரியும், சத்தம்தான் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் இனிப் போகமாட்டேன் என்று பையை மூலையில் வைத்துவிட்டேன். அம்மா, "அப்ப வேன்ல ஏறு, ஒங்க அப்பாவோட திரி வெட்டு" என்றாள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். "மருந்து வாசம் இந்த வீட்டுக்கு நான் ஒருத்தன் கொண்டாரது போதும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினீர்கள். மறுவாரம் கத்தி உறை தைக்கிற பாய் வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள்.

பாய் வீட்டு முன்னறைதான் பட்டறை. திண்டுக்கல்லிலிருந்து தோல் வரும். பாயம்மா அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்டுவார். கறிக்கடைக் கத்திக்கும் வெற்றிலைக் கொடிக்கால் கத்திக்கும் உறை கேட்பார்கள். தோலை நனைத்து மடித்து, இரண்டு ஓரத்துக்கும் நடுவில் ஒரு தோல் பட்டையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் கத்தியின் கூர் தையல் நூலை அறுத்துவிடும். கனமான உறைகளுக்குக் குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலால் பாய் கையாலேயே தைப்பார். மற்றதெல்லாம் கால்மிதி மெஷினில் நான் தைப்பேன். அங்கே யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. மெஷின் சத்தம் போட்டது, நான் சும்மா இருந்தேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

உங்கள் கம்பெனி ஆர்டரை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். உங்களோடு வேலை பார்க்கிற கோமதி அக்கா கீழே கிடந்த திரி வெட்டும் கத்தியை மிதித்துக் காலைக் கிழித்துக்கொண்ட வாரம் அது. "எம் மக உறை தைக்கிறா" என்று நீங்கள் போர்மேனிடம் சொன்னீர்களாம். நாற்பது உறை. பாய் வழக்கமாக உறையின் வாயில் இரண்டு இரும்பு ரிவிட் அடிப்பார். இதில் அது கூடாது. இரும்பு உரசிப் பொறி பறந்தால் மருந்து பிடித்துக்கொள்ளும் என்றுதான் உங்கள் கத்தியே பித்தளை. கேட்டில் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்கிற இடம் அது. முழுக்க நூல்தான் என்று பாய் பத்துத் தடவையாவது சொன்னார்.

பாய் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் ஊசி ஒடிந்தால் துண்டுகளைப் பொறுக்கி, ஒரு தாளில் வரிசையாக வைத்து, முழு ஊசியாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் புது ஊசி. ஒடிந்ததெல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் கிடக்கும்.

கடைசி நாள், மூன்று மடிப்பு சேருகிற இடத்தில் என் ஊசி ஒடிந்தது. மேல்துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. தரையைத் தடவினேன், பாவாடையை உதறினேன். எந்த உறையைத் தைக்கும்போது என்பதும் குழம்பிவிட்டது, தைத்ததை எல்லாம் ஒரே குவியலில் தள்ளியிருந்தேன். பாயைக் கூப்பிட்டு, "கெடைக்கல" என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். அறையில் உறை வாங்க வந்த இரண்டு வெளியாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வாயைத் திறக்க முடியாமல், டப்பாவிலிருந்து ஒரு பழைய முனையை எடுத்துத் தாளில் சேர்த்து வைத்தேன். பாய் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மறுநாள் நாற்பதையும் சாக்கில் கட்டி நீங்களே வேனில் ஏற்றிக்கொண்டு போனீர்கள்.

அன்று மத்தியானமே நான் பெட்டிக்கடை ஒத்த ரூபாய் போனில் உங்கள் கம்பெனிக்குப் பேசினேன் என்பது உங்களுக்குத் தெரியாது. பேசினேன் என்பதும் பொய். "அலோ, யாரு?" என்று போர்மேன் கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். சாயந்தரம் நீங்கள் வந்து, "கத்தி இப்ப வச்ச எடத்துல இருக்கு தாயி, எல்லாரும் ஒன்னையத்தான் கேக்காக" என்றீர்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. தீபாவளி சீசன், வேன் முழுக்க ஆள். நீங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். நான் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன தாயி, தூக்குச்சட்டிய மறந்துட்டேனா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏண்ணே, ஒங்க மகளுக்கு வாய் இருக்கா, இல்ல அதையும் சேத்துத் தச்சு விட்டுட்டீகளா?" என்றார் கோமதி அக்கா. வேனே சிரித்தது. டிரைவர் ஆரன் அடித்தார்.

"போகாதீக," என்றேன். "உறைக்குள்ள ஊசி இருக்கு."

சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு எப்படி வந்ததோ, மொத்தமும் வந்துவிட்டது. ஊசி ஒடிந்தது, முனை கிடைக்காதது, பழைய முனையை வைத்து ஏமாற்றியது எல்லாம். என் குரல் அம்புட்டுச் சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"எதுக்குள்ளன்னு தெரியுமா?" என்று கேட்டீர்கள்.

"தெரியாதுப்பா."

நீங்கள் திட்டவில்லை. டிரைவரிடம், "வண்டிய பாய் வீட்டுக்கு விடு" என்றீர்கள். "நீயும் ஏறு. எந்த மடிப்புன்னு ஒனக்குத்தான் தெரியும்."

பாய் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் சொல்லச் சொல்ல, நுரையைத் துப்பக்கூட மறந்து நின்றார். பிறகு உள்ளே போய், தரையில் விழுகிற ஊசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை எடுத்துவந்தார். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. "ஏம்மா, எங்கிட்டச் சொல்ல என்ன பயம்? நான் என்ன புலியா?" என்றார். தையல் பையையும் எடுத்துக்கொண்டு, அதே லுங்கியோடு வேனில் ஏறிவிட்டார்.

புதுப்பட்டிக்கு வெளியே உங்கள் கம்பெனி கேட் முன்னால் ஒரு வேப்பமரம் உண்டல்லவா, அதன் அடியில்தான் உறைகளைக் கொண்டுவந்து பரப்பினார்கள். காந்தத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது. பாய் ஒவ்வொன்றாக எடுத்தார். நான் மடிப்பைக் காட்டினேன், அவர் காந்தத்தை ஓட்டினார். ஒன்றுமில்லை. அடுத்தது, ஒன்றுமில்லை. உங்கள் உறையும் வந்துபோனது, ஒன்றுமில்லை. முப்பதைத் தாண்டியும் ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டவேண்டும் என்று வேண்டினேனா, ஒட்டக்கூடாது என்று வேண்டினேனா, இன்றைக்கும் தெரியவில்லை.

ஓர் உறையில் காந்தம் டக்கென்று இழுத்தது. பின்பக்கம் பேனாவால் கோமதி என்று எழுதியிருந்தது.

நீங்கள் குந்தி உட்கார்ந்து தையலைப் பிரித்தீர்கள். நடுப்பட்டையில் குறுக்காகச் செருகிக் கிடந்தது. அரை அரிசி அளவு. உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினீர்கள்.

"இம்புட்டுக்காண்டுதானா?" என்று எவரோ கேட்டார்கள்.

"ஒண்ணும் ஆகாமக்கூடப் போயிருக்கும்," என்றீர்கள். "ஆனா ஒருவேளைங்கிறத மடியில வச்சுக்கிட்டு அந்த ரூம்ல உக்கார முடியாதுல்ல."

போர்மேன் என்னைப் பார்த்து வாயெடுத்தார். நீங்கள் எழுந்து குறுக்கே நின்றீர்கள். "வந்து சொன்ன பிள்ளைய ஏசுனா, அடுத்து எவளும் சொல்ல மாட்டா சார்." கோமதி அக்கா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்கு வாய் இல்லன்னு எந்தக் கூறுகெட்டவ சொன்னது?" என்று கேட்டார். அப்போதுதான் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். பாய் தன் பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துத் தந்தார். அந்த உறையை அங்கேயே, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, கையாலேயே திரும்பத் தைத்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இனிச் சொல்வது உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்து, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டீர்கள். அழுதேன் அப்பா, தொண்டை கிழிய அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவில் ஒரு நிம்மதி இருந்தது. லீவு நாளில், நம் வீட்டில், உங்கள் கட்டிலில். உங்கள் காலை நான் பிடித்துக்கொள்ள முடிந்தது. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பதினாறாம் நாள் துக்கம் கேட்க வந்த ஒருத்தியிடம் அம்மா, "எம் புருசன முழுசாக் குளிப்பாட்டி அனுப்புனேன்" என்று சொன்னாள். அவளுக்கும் அதுவேதான் என்று அப்போது தெரிந்தது. இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

நேற்று முன்தினம் பட்டறையில் இருக்கும்போது மேற்குப் பக்கம் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. என் கால் மிதியில் நின்றுவிட்டது. தெருவே வாசலுக்கு வந்தது. முதலில் எனக்குத் தோன்றியது, அப்பா அங்கே இல்லை என்பதுதான். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அடுத்த நொடியே கோமதி அக்காவின் முகம் வந்தது. எழுந்து தெருவுக்கு ஓடினேன். அக்காவின் அம்மா மூலையில் நின்று யாரையும் கேட்கத் தைரியமில்லாமல் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த லோடு ஆட்டோவை மறித்தேன்.

"அண்ணே, சத்தம் எங்கன? புதுப்பட்டியா?"

"இல்லம்மா. கல் குவாரியில வெடி வச்சிருக்கான்."

பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி அதை நான் திரும்ப ஒருமுறை சொன்னேன்.