பால்மாவில் இருந்த மருந்து

மாமி,

இன்றைக்கு ஒடுக்கத்துப் புதன். காலையில் என் மகள், உங்கள் பேத்தி, கைபேசியைக் கொண்டுவந்து என் காதில் பிடித்தாள். யாரோ ஒரு பெண்ணின் குரல். இன்றைக்குக் கடல் வருமாம், கரையோரத்துச் சனமெல்லாம் மேற்கே போய்விடட்டுமாம், கேட்டவர்கள் மற்றவர்களுக்கும் அனுப்பட்டுமாம். "வாப்பா, இது மெய்யா?" என்று கேட்டாள். "பொய் மகள், விடு" என்றேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே என் வாய் அலுத்துப்போயிற்று.

அவள் போன பிறகு அலுமாரியின் மேல்தட்டில் உங்கள் வெள்ளைப் பீங்கான் தட்டைப் பார்த்தேன். ஸபர் மாதத்தின் கடைசிப் புதனில் வருசத்துப் பலாய் முசீபத்து, அத்தனை ஆபத்தும், இறங்கும் என்று நம்பினீர்கள். அதற்காகப் பள்ளி லெப்பையைக் கூப்பிட்டு, அந்தப் பீங்கானில் குங்குமப்பூ மையால் குர்ஆனின் ஏழு ஸலாம் வசனங்களை எழுதுவித்து, தண்ணீர் விட்டுக் கரைத்து வீட்டில் எல்லோருக்கும் குடிக்கக் கொடுப்பீர்கள். என் பங்கை என் பெண்சாதி, உங்கள் மகள், கொண்டுவருவாள். "குடிச்சாராமா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்கும்.

உங்களோடு நேரே கதைக்க இப்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆனால் மாமி அவன் முன்னால் வரமாட்டாள். ஒரே கூரையின் கீழ் இருந்தோம், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றோம், உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதைக் கதவு மறைவில் நின்று மகளிடம் சொல்வதுபோல் எனக்குச் சொல்வீர்கள். மகள் இல்லாவிட்டால் முற்றத்துக் கோழியிடம் சொல்வீர்கள். "கடைக்குப் போறவருக்குச் சோறு ஆறுது" என்று அந்தக் கோழிக்கு எத்தனை நாள் அறிவித்திருக்கிறீர்கள். நான் கோழியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

கல்முனை பஸாரில் எனக்கு றேடியோ திருத்துகிற கடை. எழுபத்தெட்டில் சூறாவளி வந்த அன்றைக்கு றேடியோ சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். மாமா சிரித்தார். "காத்து அடிக்கும், போகும். றேடியோக்காரன் கொழும்பில இருந்து சொல்றான், அவனுக்கென்ன தெரியும்" என்றார். நீங்களும் கதவுக்குப் பின்னால் சிரித்தீர்கள், எனக்குக் கேட்டது. விடிந்தபோது குசினிச் சுவர் விழுந்து மாமா மவுத்தாகிக் கிடந்தார். ஊரில் ஒரு தென்னை நேராக நிற்கவில்லை.

அதன்பிறகு நீங்கள் எதையும் சிரித்துத் தள்ளவில்லை, மாமி. யார் எதைச் சொன்னாலும் நம்பினீர்கள். நாய் ஊளையிட்டதை நம்பினீர்கள். கிணறு கலங்கியதை நம்பினீர்கள். அந்த வருசத்து ஸபர் வந்ததும், ஒடுக்கத்துப் புதனில் கடல் ஊருக்குள் வரப்போகிறது, சூறாவளி விட்டதைக் கடல் எடுக்கும் என்று ஒரு கதை கிளம்பியது. யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் இன்னொருவரைக் காட்டினார்கள். சாய்ந்தமருதில் தோணிகளை மேட்டுக்கு இழுத்துவிட்டார்களாம், ஒரு பெரியவர் கனவு கண்டாராம். சனம் பாய் தலையணையோடு மேற்கே இறக்காமத்துப் பக்கம் போகத் தொடங்கியது.

உங்கள் மகளுக்கு அப்போது நிறைமாதம். சூறாவளி நிவாரணமாக வெளிநாட்டிலிருந்து வந்த பால்மாவை, பால் தூளை, நாளும் கரைத்துக் குடித்து வந்தாள். இறக்காமத்தில் உங்கள் சாச்சி மகன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டும் என்றீர்கள். நான் முடியாது என்றேன். ஆசுபத்திரி இங்கே கிட்டத்தில் இருக்கிறது, அங்கே போகிற பாதையில் பாதி மதகுகளை வெள்ளம் உடைத்துவிட்டது, வயலுக்குள் யானை நிற்கிறது. இதையெல்லாம் கதவைப் பார்த்துச் சொன்னேன். வற்று, பெருக்கு, நிலவு என்று கடலைப்பற்றியும் விளக்கினேன்.

பிறகு கதவு திறந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றீர்கள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"மனே, அண்டைக்கி நீங்க சொன்னீங்க, நாங்க சிரிச்சம். இண்டைக்கி நாங்க சொல்றம், நீங்க சிரிக்காதீங்க. நம்பாம ஒரு மனிசனப் பறிகுடுத்திட்டன். நம்பிப் போய்க் கடல் வராட்டி நமக்கென்ன நட்டம்? ஒங்கள நான் கெஞ்சிக் கேக்கன்."

நான் படித்ததெல்லாம் கடலைப்பற்றித்தான், பயத்தைப்பற்றி இல்லை. உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் வைக்கோலைப் பரப்பி அவளை ஏற்றினோம்.

கடல் வரவில்லை. இறக்காமத்தில் அன்றைக்கு நல்ல வெயில். நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது அவளுக்கு நோவு எடுத்தது, பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவிச்சி பார்த்துவிட்டு, "இது என்ட கையில இல்ல, ஆசுபத்திரிக்குக் கொண்டோடுங்க" என்று கையை விரித்தாள். உடைந்த மதகடியில் மெசின் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. நாங்கள் தள்ளினோம், வயலில் நின்றவர்கள் வந்து தள்ளினார்கள். ஒருவழியாக ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், அவள் பிழைத்தாள். பிள்ளை அழவில்லை. ஆண்பிள்ளை.

நாற்பது நாள் போனது. அதற்குப் பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது.

"அந்த நிவாரணப் பால்மாவிலதான் கா என்னமோ இரிந்திரிக்கி. நம்மட சனம் பெருகாம இரிக்க வெளிநாட்டான் மருந்து கலந்து அனுப்பிரிக்கான். எங்கட புள்ள ஒவ்வொரு நாளும் அதத்தானே குடிச்ச."

அந்தப் பெண் உடனே போய்த் தன் வீட்டுப் பால்மாவை வாழையடியில் கொட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெருவே கொட்டியது. எலும்பும் தோலுமாக நின்ற பிள்ளைகளுக்கு வெறும் தேயிலைத் தண்ணீர் கொடுத்தார்கள். கடைக்கு வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். எல்லாக் கதையையும் பிரித்துப் போட்டுக் காட்டுகிற ஆள் நான்தானே. "எனக்குத் தெரியா" என்று சொல்லிவிட்டு றேடியோவைக் கழற்றினேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். பால்மா நல்ல பால்மா என்றால், பிள்ளை போனதற்கு மிச்சம் இருப்பது அந்த மெசின் பெட்டிதான். அதில் அவளை ஏற்றியது நீங்கள். கைகொடுத்துத் தூக்கிவிட்டது நான்.

பிறகு வந்த சண்டை வருசங்களில் என்னென்ன கதையெல்லாம் கேட்டோம். கிணற்றில் நஞ்சு போட்டிருக்கிறார்கள் என்றார்கள். கடலில் போட்ட மையத்தை, பிணத்தை, மீன் தின்கிறது என்று சொல்லிச் சனம் மீன் வாங்காமல் விட, மீன்பிடிகாரர் வீட்டு அடுப்புகள் எரியாமல் கிடந்தன. தம்பிலுவில் பக்கத்திலிருந்து என் கடைக்கு வந்துகொண்டிருந்த தமிழ்ச் சிநேகிதன் ஒருவன் வராமல் விட்டான். அவனுக்கு எங்களைப்பற்றி ஒரு கதை சொல்லியிருந்தார்கள், எங்களுக்கு அவர்களைப்பற்றி ஒரு கதை. படிப்பில்லாத சனம் என்று சொல்வது லேசு. நான் பார்த்த அளவில், கதையைக் கொண்டு திரிந்தவர் எல்லோரும் எதையோ பறிகொடுத்தவர்கள். சும்மா நடந்தது என்று அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. யாரோ செய்தது என்றால் அவனை ஏசலாம், சபிக்கலாம், சோறு தின்னலாம், தூங்கலாம்.

எண்பத்தைந்துக் கலவரத்துக்குப் பிறகு ஒரு ஒடுக்கத்துப் புதன். உங்கள் பேத்தி பிறந்து முற்றத்தில் ஓடித் திரிந்த காலம். உங்கள் மகள் கிணற்றடியில் நின்றாள். பீங்கான் தண்ணீரை நீங்களே கொண்டுவந்தீர்கள். இரண்டாவது தடவையாக என் முன்னால் வந்தீர்கள், இரண்டு கையாலும் பிடித்திருந்தும் தண்ணீர் என் சாரத்தில் சிந்தியது.

"மனே, ஒண்டு கேக்கன். மறைக்காமச் சொல்லுங்க. அந்தப் பால்மாவில மருந்து இரிந்த மெய்தானே?"

ஊரெல்லாம் குடித்த பால்மா அது. அதைக் குடித்த பெண்கள் வரிசையாகப் பெற்றெடுத்தார்கள். இது உங்களுக்குத் தெரியும். எல்லா வருசமும் தெரிந்துகொண்டுதான் இருந்தீர்கள் என்று அந்தக் கையைப் பார்த்ததும் விளங்கிற்று.

"மெய்தான் மாமி" என்றேன். "இரிந்திச்சி. நானும் விசாரிச்சன்."

"ம்" என்றீர்கள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றீர்கள். பிறகு கதவுக்குப் பின்னால் போனீர்கள், மவுத்தாகும்வரை கோழியோடுதான் கதைத்தீர்கள். வாழ்நாளில் நான் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது அந்த ஒரு பொய்தான்.

கடல் கடைசியில் வந்தது, மாமி. நீங்கள் போய் வெகுகாலத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒருவரும் கனவு காணவில்லை, றேடியோவும் சொல்லவில்லை. நாங்கள் தப்பினோம், தெருவில் பாதிப் பேர் தப்பவில்லை. அதற்கும் பிறகு ஆயிரம் கதை சொன்னார்கள். நான் ஒன்றையும் மறுக்கப் போகவில்லை.

காலையில் அந்தக் குரல்பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அந்தப் பெண்ணும் கெஞ்சித்தான் கேட்கிறாள். யாரைப் பறிகொடுத்தாளோ.

உங்கள் மகள் பக்கத்து அறையில் தூங்குகிறாள். அவள் இன்றுவரை வெறும் தேயிலைதான் குடிக்கிறாள். பேத்தி தன் பிள்ளைகளுக்குப் பால்மா பக்கெட் வெட்டும்போது நான் குசினிப் பக்கம் போகிறேன். அவள் பார்க்காத நேரமாக ஒரு கரண்டி எடுத்து மணந்து பார்க்கிறேன், நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் இருப்பதில்லை. இத்தனை வருசமாகப் பார்க்கிறேன், மாமி. ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்றுதான்.