தடுப்பைத் தாண்டிக் காத்திருந்தேன்

தம்பி,

இன்று காலை கோலா தெர்லாவில் லோரியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். மழையில் அழுகிய முட்டைக்கோஸ் இலையின் வாடை குப்பென்று ஏறியது. அதை எவ்வளவு திட்டுவாய் நீ! "குளிச்சாலும் போக மாட்டேங்குதுண்ணே, சோத்துலயும் இதே நாத்தம்" என்பாய். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை, பெர்மிட் எல்லாம் தயார் என்று தமிழ்நாட்டில் எவனோ சொன்னதை நம்பி, சுற்றுலா விசாவில் இந்த மலாய் நாட்டில் வந்து இறங்கியவன் நீ. எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே பேர் பதியும் கிராணி நல்ல மனிதர். உன் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெர்மிட் இல்லாம பேர் பதிய முடியாது லா, துரை என்னைத் தொலைச்சிடுவாரு" என்று கையை விரித்தார். வெளியே வந்து தேயிலைச் சரிவைப் பார்த்தபடி, "உங்க தாத்தாவ இதே வேலைக்குக் கப்பல் வச்சுக் கூட்டியாந்தாங்க, எனக்கு மட்டும் கதவச் சாத்துறாங்களே" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிறகு கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் தோட்டம், தகரக் கொட்டகை, ஒளிந்து ஒளிந்து ஒரு பிழைப்பு. லீவு நாளில் என் லோரியில் டவுனுக்கு வருவாய். ரோட்டில் போலீஸ் தடுப்பு வைத்துச் சோதனை செய்தால் எதிரே வரும் டிரைவர்கள் லைட் அடித்துக் காட்டுவார்கள். உடனே வளைவுக்கு முன்பே குதித்துவிடுவாய். காய்கறிப் பாத்திகள் வழியே சுற்றி, தடுப்பைத் தாண்டியுள்ள சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்வாய். நான் இரண்டு கிளாஸ் தே தாரேக் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். "துரை நடந்து வர்றாரு, வழிய விடுங்க லா" என்று கிண்டல் செய்வேன்.

கடைசி முறை நீ ஊர் சுற்ற வரவில்லை. சில நாளாகவே காய்ச்சல், மூச்சு விட்டால் நெஞ்சு விசிலடித்தது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு உன்னைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதி வழியில் எதிரே லைட் அடித்தார்கள்.

"இன்னைக்கு உட்காரு. நான் பேசிக்கிறேன் லா."

"வேணாம்ணே. புடிச்சா உள்ள போட்டுருவாங்க. ஊர்ல பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லுவேன்? மெதுவா நடந்து வந்துடுறேன்."

கையைப் பிடித்தேன். உதறிவிட்டு இறங்கிவிட்டாய். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. நகர்ந்தேன். தடுப்பில் என் ஐசியை, அடையாள அட்டையை நீட்டினேன். இளவயது போலீஸ்காரர் ஒருவர், அதைப் பார்க்காமலேயே போ என்று கை காட்டினார்.

கடையில் தே ஆறிப்போனது. தூறலில் உன்னைத் தேடி ஓடினேன். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, பாத்தி ஓரம் மண்மேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். தொட்டதுமே உயிர் இல்லை என்று தெரிந்துவிட்டது. வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு அதே போலீஸ்காரர்தான் ஓடி வந்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றி உன்மேல் போர்த்தினார். பிறகு மலாயில் கேட்டார்: "இவ்வளவு முடியாதவரை ஏன் நடக்க விட்டாய்? சொல்லியிருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போமே."

மெய்யாகவே அனுப்பியிருப்பார்களா? இப்போதெல்லாம் ஒவ்வொரு தடுப்பிலும் ஐசியை நீட்டும்போது எதிரே நிற்கும் முகத்தைப் பார்க்கிறேன். சில முகம் விடும் போலிருக்கிறது, சில முகம் விடாது போலிருக்கிறது. நீ இருந்தால், "விடமாட்டாங்கண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாய். எனக்குத் தெரியவில்லை, தம்பி. உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தத் தடுப்பைக் கடந்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.