வெடிக்காத கலயம்

அக். 4, சனி

காற்று இல்லை. புழுக்கம். காலை ஆறுக்கே சூளை பற்ற வைத்தாயிற்று. பழைய எண்ணெய் டிரம்மில் நானே கட்டியது. உடைமர விறகு. உள்ளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த கலயங்கள் பதினைந்து, எல்லாம் உள்ளங்கை அளவு.

மண்ணில் சிப்பித் தூள் கலந்திருக்கிறது. என் யோசனைதான். போன மாதம் கொற்கை, அந்தப் பழைய பாண்டியர் துறைமுகம், போனபோது வாய்க்கால் கரையில் ஒரு பழங்காலப் பானை ஓட்டுச்சில்லு பார்த்தேன். உடைந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. சிப்பியா, வேறு ஏதாவதா? அன்றிலிருந்து அதே நினைப்பு. நம் ஊரில் சிப்பிக்கா பஞ்சம்? இடித்து, சலித்து, கலந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் துறைமுக வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்து, "வாத்திச்சி வேலைய விட்டுட்டு செங்கச் சூளை வச்சிரு" என்றார். கண்ணெல்லாம் புகை.

வாங்க: காவி, கையுறை, இருமல் மருந்து.

அக். 5, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் சூளையைத் திறந்தேன். பதினைந்தும் முழுசு! ஒரு கீறல் இல்லை. சுண்டினால் கிண்ணென்று சத்தம். புள்ளிகள் நான் நினைத்ததைவிட அழகு. மாவட்டப் போட்டிக்கு ஒன்று அனுப்ப வேண்டும். எதை எடுக்க, எதை விட?

ரோஸ்லின் கலயத்தில் மட்டும் புள்ளி தெரியவில்லை. உள்ளும் புறமும் காவி அப்பியிருக்கிறாள். வகுப்பில் மண் குழைத்த வாரம் அவள் வரவில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல். மண்ணையும் சிப்பித் தூளையும் உலர்வாகக் கலந்து பையில் கொடுத்தேன். வீட்டிலேயே செய்து கொண்டுவந்தாள். விளிம்பு அத்தனை சீர். பதின்மூன்று வயசுக் கையா இது?

அக். 6, திங்கள்

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தது. கலயங்களை ஜன்னலோரம் அடுக்கினோம். "டீச்சர், என்னது நல்லாருக்கா, இவளுது நல்லாருக்கா?" ஒரே கூச்சல். எச்.எம். வந்து பார்த்து, தலையை மட்டும் ஆட்டினார். அவரிடம் அதுவே பெரிசு.

சாயங்காலம் மழை. துணி நனைந்துவிட்டது.

அக். 8, புதன்

பதினான்கு கலயம் போச்சு.

காலையில் வகுப்பைத் திறந்தால் ஜன்னலோரமெல்லாம் சில்லு. ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் பொங்கி, மேல் ஓட்டைத் தள்ளிவிட்டிருக்கிறது. சிலது இரண்டாகப் பிளந்து கிடந்தது. தொட்டால் மாவு. "நான் தொடவே இல்ல டீச்சர்" என்று ஆளுக்கொரு அழுகை.

ரோஸ்லினுடையது மட்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தது.

எனக்கு என்ன வந்ததோ. அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்: "ஏளா, இது நான் குடுத்த மண்ணே இல்ல. யாருட்ட செஞ்சு வாங்கிட்டு வந்த?"

"நாந்தான் செஞ்சேன் டீச்சர்."

"பொய் சொல்லாத."

அழவில்லை. கலயத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பத்தாம் வகுப்பு. சுண்ணாம்புக்கல், சிப்பி இரண்டையும் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் பொங்கும். போர்டில் எழுதிக்கொண்டே வந்தவள் சாக்பீஸும் கையுமாக நின்றுவிட்டேன். பதினெட்டு வருஷமாக நடத்துகிற பாடம்! சூளையில் சிப்பி சுண்ணாம்பாகி, மழை ஈரத்தைக் குடித்துப் பொங்கியிருக்கிறது. மடச்சி, மடச்சி.

அப்படியென்றால் ரோஸ்லின் கலயத்தில் சிப்பி இல்லை. நான் கேட்டது சரிதானே?

அக். 9, வியாழன்

ரோ. வரவில்லை. வயிறு சரியில்லையாம்.

அக். 10, வெள்ளி

இன்றும் இல்லை. படியிறங்கும்போது கீழே இரண்டு பிள்ளைகள் பேச்சு. "டீச்சர் அவளக் கள்ளின்னு சொல்லிட்டாங்கல்லா, அதான் வரல." நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. சொன்னதற்கும் அதுதான் அர்த்தம்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "இங்கன உக்காந்து புலம்பி என்ன செய்ய? போயி அந்தப் பிள்ளையப் பாரு" என்றார்.



அக். 11, சனி

கடற்கரைத் தெருவில் ரோஸ்லின் வீடு. அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "பிள்ள மூணு நாளா சரியாத் திங்கல டீச்சர். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டுக்கா."

வீட்டில்கூடச் சொல்லவில்லை! கடைசியில் நானே சொன்னேன், வகுப்பில் என்ன கேட்டேன் என்று. அம்மா முகம் மாறியது.

ரோஸ்லின் உள்ளே போய்க் கலயத்தை எடுத்துவந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே வாசல்படியில் ஓங்கி ஒரு போடு. சில்லு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

உடைந்த விளிம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. என் மண். நான் சலித்த சிப்பி.

"உடைச்சிட்டியே" என்றேன். வேறென்ன சொல்ல?

"உடைக்கலன்னா நம்புவீயளா?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "வகுப்புல வச்சித்தான கேட்டீய. வகுப்புல வச்சே சொல்லுங்க."

எழுந்தும் கால் நகரவில்லை. இப்படியொரு நேரத்திலும் மூளை அரிக்கிறது எனக்கு. அதே சிப்பி, அதே சூளை. இது ஏன் பொங்கவில்லை? வெட்கத்தை விட்டுக் கேட்டேன், எந்தத் தண்ணியில் குழைத்தாய்?

அம்மாதான் பதில் சொன்னார். "போர் தண்ணிதான். உப்புக் கரிக்கும். நல்ல தண்ணி லாரியிலல்லா வருது, அதப் போயி மண்ணுல ஊத்துவாவளா?"

வகுப்பில் நான் கேன் தண்ணீர் ஊற்றிக் குழைத்தேன். உப்பு பட்டால் மண் கெட்டுவிடும் என்று.

ஒரு பாட்டில் போர் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக். 12, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. நேற்று சாயங்காலமே அதே சிப்பி மண்ணில் சின்ன வில்லைகள் தட்டி, ராத்திரி அடுப்பு மேலும் காலை வெயிலிலும் காயவைத்தேன். கேன் தண்ணீரில் ஆறு, போர் தண்ணீரில் ஆறு. இன்று சுட்டேன். அவர் விறகு எடுத்துக் கொடுத்தார், கேலி இல்லாமல்.

அக். 13, திங்கள்

ரோஸ்லின் வந்திருந்தாள். அம்மா கேட் வரை கொண்டுவந்து விட்டார்.

முதல் பீரியட். மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "அந்தக் கலயம் ரோஸ்லின் செஞ்சது. நான் குடுத்த மண்ணுதான். நான் பொய்யின்னு சொன்னது தப்பு. அவகிட்ட மன்னிப்புக் கேக்கேன்." அவ்வளவுதான் வந்தது.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி: "அப்ப எங்களுது ஏன் டீச்சர் வெடிச்சுது?"

"சிப்பி சுண்ணாம்பாயிட்டு. அவளுது ஏன் வெடிக்கலன்னு எனக்கு இன்னும் உறுதியாத் தெரியல" என்றேன். வகுப்பு நம்பாமல் பார்த்தது.

அக். 15, புதன்

இரண்டு நாளும் மழை. கேன் தண்ணீர் வில்லைகள் ஆறும் பொங்கிவிட்டன. போர் தண்ணீர் வில்லைகள் ஆறும் முழுசு. உப்புத்தான்! உப்பு சுண்ணாம்பை என்ன செய்கிறது? எந்தச் சூட்டில்? எவ்வளவு உப்பு போதும்? கடல் தண்ணீர் ஊற்றினால்? கொற்கைக்காரர்களும் இதைத்தான் செய்தார்களா? சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன்.

அக். 16, வியாழன்

வில்லைகளை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரே ஆரவாரம். ரோஸ்லின் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

போட்டிக்கு இன்னொன்று செய்யச் சொல்லி அவளிடம் மண் பையை நீட்டினேன். வீட்டில் வைத்து நிதானமாகச் செய் என்றேன்.

"வேண்டாம் டீச்சர். இங்கனயே குழைக்கேன், எல்லாரும் பாக்கட்டும்."

மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பாட்டில் போர் தண்ணீர் கொண்டுவந்தாள். முன் பெஞ்சில் மண்ணைக் கொட்டினாள். ஒவ்வொரு பிடி எடுக்கும்போதும் இரண்டு கையையும் விரித்து வகுப்புக்குக் காட்டினாள். பிறகு எனக்கு.

போதும் ஏளா என்றேன். அவள் நிறுத்தவில்லை.